தெளிந்த தண்ணீரையும் சோதித்துப் பாருங்கள்: கூடுவாஞ்சேரி பகுதி மக்களுக்கு ஒரு விளக்கம்

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலை நகர் பக்கம் வீடு வாங்க வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "தண்ணி எப்படிங்க?" என்பது. "கண்ணாடி மாதிரி இருக்கும் சார், டிடிஎஸ் முன்னூறுதான்" என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் பாதி விஷயம் அதில் விடுபட்டுப் போகிறது. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்பதைக் கண்ணும் சொல்லாது, டிடிஎஸ் மீட்டரும் சொல்லாது. டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடத் தேடி வருவதும் சாக்கடையை அல்ல. நாம் மூடாமல் வைத்திருக்கும் அதே தெளிந்த தண்ணீரைத்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மருத்துவமனை வாசலில் நீளும் வரிசையில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஒரு பக்கம், டெங்கு இன்னொரு பக்கம். இவை வெவ்வேறு நோய்கள்தான். ஆனாலும் இரண்டுக்கும் வழி விடுவது, "தண்ணி சுத்தமாத்தானே இருக்கு" என்ற ஒரே நினைப்பு.

ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த ஊர்

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வது வழக்கம். காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமாகப் பிரிந்தது. நந்திவரம் – கூடுவாஞ்சேரி பேரூராட்சி 2021-இல் நகராட்சி ஆனது. ஜிஎஸ்டி சாலை, மின்சார ரயில், 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் என்று வசதிகள் சேரச் சேர வீடுகளும் பெருகின. வீடு பெருகிய வேகத்துக்குக் கழிவுநீர்க் குழாய் எந்த ஊரிலும் பெருகுவதில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க், பக்கத்திலேயே ஒரு கிணறோ போர்வெல்லோ என்பதுதான் நிலை.

இந்தப் பகுதியின் தண்ணீர் தேங்கி நிற்கும் தண்ணீர் இல்லை, நடக்கும் தண்ணீர். நந்திவரம் ஏரி நிரம்பினால் உபரி நீர் ஊரப்பாக்கம், ஆதனூர் பக்கமாக இறங்கி அடையாற்றை நோக்கிப் போகிறது. போகிற வழியில் தாழ்வாக இருக்கும் குடியிருப்புகளில் நின்றுவிட்டும் போகிறது. கூடுவாஞ்சேரி மகாலட்சுமி நகர் மழைக்காலச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் பெயரானது இதனால்தான். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியபோது அங்கே வந்து சேர்ந்ததும் மேலே உள்ள ஏரிகளின் தண்ணீர்தான். ஆகவே இங்கே ஒரு மழைநீர்க் கால்வாயில் ராத்திரியில் ஒரு லாரி கழிவுநீரைத் திறந்துவிட்டால், அது அந்தத் தெருவோடு முடிகிற விஷயம் இல்லை. பாதி கீழே அடையாற்றுக்குப் போகும். மீதி அங்கேயே மண்ணுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறுகளுக்கு வரும்.

அரை கிரவுண்டு கணக்கு

செப்டிக் டேங்க் கழிவுநீரைச் சுத்தம் செய்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது செய்வது முதல்கட்ட வேலை மட்டும். திடக்கழிவு அடியில் தங்கும், மேலே உள்ள நீர் வெளியேறும். அந்த நீரில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்கும்போது, காய்ந்த மண் அதை வடிகட்ட வேண்டும் என்பதுதான் திட்டம்.

இந்தியத் தர நிறுவனத்தின் விதிமுறையில் (ஐஎஸ் 2470) உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்று உள்ளது. கிட்டத்தட்ட 60 அடி. இப்போது நம்ம ஊர் மனைக்கு வருவோம். அரை கிரவுண்டு என்றால் 1,200 சதுர அடி. 30-க்கு 40 மனை. அதில் ஒரு மூலையில் கிணறும் எதிர்மூலையில் உறிஞ்சுகுழியும் தோண்டினால்கூட இடைவெளி 50 அடிதான். அதாவது அரை கிரவுண்டு மனைக்குள் விதிமுறைத் தூரம் கிடைக்கவே கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய உறிஞ்சுகுழியை நம் கிணற்றையொட்டிய மதில் ஓரத்தில் போட்டிருந்தால், தூரம் பத்து அடியாகவும் இருக்கலாம். வாஸ்து பார்த்து ஈசானியத்தில் கிணறு, வாயுமூலையில் டேங்க் என்று எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வைத்தாலும், வரிசையாக நிற்கும் மனைகளில் ஒரு வீட்டின் டேங்க் அடுத்த வீட்டின் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கோடையில் நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும். உறிஞ்சுகுழிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே உள்ள காய்ந்த மண் ஓரளவு வடிகட்டும். மழைக்காலத்தில் நீர்மட்டம் குழியின் அடிவரை ஏறிவிட்டால் வடிகட்ட மண்ணே இல்லை. இரண்டும் ஒரே தண்ணீராகிவிடும். "போர்வெல் இருநூறு அடி, ஒண்ணும் ஆகாது" என்பதும் முழு உண்மை இல்லை. வண்டலூர் முதல் செங்கல்பட்டு வரை அடியில் இருப்பது கடினப் பாறை. பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். வெடிப்பு எதையும் வடிகட்டாது. போர்வெல்லின் கேசிங் குழாய் பாறைவரை இறங்கி, சுற்றிலும் சிமெண்ட் பூசி அடைத்திருந்தால்தான் மேல்மட்டத் தண்ணீர் உள்ளே வராது.

இதையெல்லாம் படித்ததும், "அப்போ கிணத்தை மூடிடணுமா?" என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். குளிக்க, துவைக்க, தோட்டத்துக்கு அந்தத் தண்ணீர் போதும். குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதாக இருந்தால் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

செப்டிக் டேங்கை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது காலி செய்ய வேண்டும். நிரம்பி வழிந்த பிறகு கூப்பிடுவது என்றால் அதற்குள் கசடு உறிஞ்சுகுழியை அடைத்திருக்கும். உரிமம் பெற்ற வாகனத்தையே கூப்பிடுங்கள். 14420 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். எடுத்த கசடை எங்கே கொண்டு போகிறீர்கள் என்று ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். இதே மாவட்டத்தில் கருங்குழியில் கசடுக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் உள்ளது; மாநிலத்தில் இந்த வகையில் முதலில் அமைந்தவற்றுள் அதுவும் ஒன்று. எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஆளை டேங்குக்குள் இறக்க அனுமதிக்காதீர்கள். உள்ளே தங்கும் விஷவாயு சில நொடிகளில் உயிரைப் பறிக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம், வேலைக்கு இறக்கியவருக்கும் பொறுப்பு உண்டு. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் கூறியது.

மீட்டர் சொல்லாதது

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு. மின்சாரம் அந்தத் தண்ணீரில் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து மீட்டர் கணக்குப் போடுகிறது. கிருமிகள் அதில் பதிவாவதில்லை. இன்னும் ஒரு வேடிக்கை உண்டு: நல்ல மழைக்குப் பிறகு மழைநீர் கலப்பதால் கிணற்றின் டிடிஎஸ் குறையும். கழிவுநீர் அதிகம் கலக்கும் அதே நேரத்தில் மீட்டர் முன்பைவிட நல்ல எண்ணைக் காட்டும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 10500) டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஆனால் ஈ.கோலி கிருமிக்கு இப்படிச் சலுகை எதுவும் இல்லை. 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூடக் காணப்படக் கூடாது. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வீடுகள் நெருங்கிய இடத்தில் கிணற்று நீரில் நைட்ரேட் ஏறினால், கழிவுநீர் கலக்கிறதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். புட்டிப்பால் கலக்கிக் கொடுக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது முக்கியம். அதிக நைட்ரேட் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

சோதனை எங்கே செய்வது? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு; கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் மாதிரி கொடுக்கலாம். கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலும் குடிநீர்ப் பரிசோதனை நடக்கிறது. ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தரும் ஏற்பாடு உள்ளது. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் யார் என்று சொல்வார்கள்.

மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. கிருமிப் பரிசோதனைக்குக் கூடத்தில் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். வீட்டு வாட்டர் பாட்டில் கூடாது. குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலின் வாயிலோ மூடியின் உட்புறமோ விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை என்றால் மழை தொடங்கி நீர்மட்டம் ஏறிய பிறகு எடுப்பதுதான் பயன். மே மாதச் சோதனை முடிவை வைத்துக்கொண்டு நவம்பரில் நிம்மதியாக இருக்க முடியாது.

பிளீச்சிங் பவுடர், அளவோடு

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வந்தால் புகார் சொல்கிறோம். உண்மையில் வாடையே இல்லாத நாளில்தான் கேட்க வேண்டும். தெருக்கோடி வீட்டுக் குழாயில்கூட லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். இதைச் சோதிக்கும் சிறு கருவி (குளோரோஸ்கோப்) சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும்; உங்கள் தெருவில் பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம்.

குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் வராது என்பது மட்டும் அதன் கேடு இல்லை. குழாய்க்குள் அழுத்தம் இல்லாத நேரத்தில் மோட்டார் இழுத்தால், வழியில் எங்கேயோ இருக்கும் ஒரு சிறு விரிசல் வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். அது முதலில் வருவது மோட்டார் போட்டவர் வீட்டுக்குத்தான்.

சம்ப், கிணறு இரண்டுக்கும் வழக்கமான அளவு: 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். உறைக்கிணற்றில் எத்தனை லிட்டர் என்று கண்டுபிடிக்க, விட்டத்தை அடியில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, பிறகு 22-ஆல் பெருக்குங்கள். மூன்று அடி உறை, பத்து அடி தண்ணீர் என்றால் 3 × 3 × 10 × 22. ஏறத்தாழ 2,000 லிட்டர். எட்டு கிராம் போதும். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். வெள்ளம் புகுந்த கிணறு என்றால் இந்த அளவு போதாது. முதலில் இறைத்துச் சுத்தம் செய்து, பிறகு சுகாதார ஆய்வாளர் சொல்லும் கூடுதல் அளவைப் போட வேண்டும். திறந்து வைத்த, ஈரம் பட்ட பவுடரில் வீரியம் இருக்காது.

தெருவோரம் வெள்ளைக் கோடாகப் பவுடர் தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும், மனசுக்குத் தைரியமாகவும் இருக்கும். கொசுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

எந்தக் கொசு, எங்கே?

தமிழ்நாட்டில் 2012-இல் டெங்குவால் 12,826 பேர் பாதிக்கப்பட்டனர், 66 பேர் இறந்தனர். 2017-இல் 23,294 பேர் பாதிக்கப்பட்டனர், 65 பேர் இறந்தனர். இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், உடம்பில் வெள்ளை வரி இருக்கும், அதிக தூரம் பறக்காது. உங்களைக் கடிக்கும் ஏடிஸ் பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ நாலைந்து வீடு தள்ளியோ பிறந்ததாகத்தான் இருக்கும். சாக்கடையில் வளர்வது க்யூலெக்ஸ். ராத்திரி காதருகே பாடுவது அது. கிணறு, மேல்நிலைத் தொட்டி இவற்றில் வளர்ந்து நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் வகை. "எங்க தெருவுல சாக்கடையே இல்லை, டெங்கு எப்படி வந்துச்சு?" என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை சுவரில் இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்து தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால்தான் "கொட்டுங்க" என்று மட்டும் சொல்லாமல் "தேய்ச்சுக் கழுவுங்க" என்று சொல்கிறார்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருநாள் தேய்த்துக் கழுவினால் ஒரு தலைமுறையும் பறக்காது.

எங்கெல்லாம் பார்ப்பது என்றால், டயர், தேங்காய் ஓடு எல்லோருக்கும் தெரியும். தெரியாத இடங்கள்தான் வீட்டுக்குள் இருக்கின்றன. ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு. ஆர்.ஓ. வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பிடித்து வைத்த வாளி (நல்ல பழக்கம்தான், அன்றன்றைக்குத் தீர்த்துவிட்டால்). மணி பிளாண்ட் பாட்டில். கொல்லையில் போட்டு வைத்த பழைய ஆட்டுக்கல்லின் குழி. சம்ப் மூடியில் மோட்டார் குழாய் நுழையும் இடைவெளி. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டாவிட்டால் க்யூலெக்ஸ் போக்குவரத்து அதன் வழியாகத்தான். பழைய நைலான் துணி ஒன்றைக் கட்டினால் போதும். கூடுவாஞ்சேரியைச் சுற்றி எங்கு திரும்பினாலும் கட்டடம் எழும்புவதால், கட்டுமான இடத்தில் லிஃப்ட் குழியிலும், நனைப்பதற்காகத் தளத்தில் கட்டி வைத்த தண்ணீரிலும் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கட்டுபவர்தான் பொறுப்பு.

புகை மருந்து அடித்தால்தான் வேலை நடந்ததாக ஒரு எண்ணம் நம்மிடம் உண்டு. புகை, பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். வாளியில் நெளியும் புழுவுக்கு எதுவும் ஆகாது, நாலு நாளில் அது பறக்கும். நோய் பரவிவிட்ட இடத்தில் உடனடித் தணிப்புக்குத்தான் புகை. அதைவிட முக்கியமான ஆள், வீடு வீடாக வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர். "தண்ணியில மருந்து ஊத்திடுவாங்க" என்று பயந்து கதவைத் திறக்காதவர்கள் உண்டு. அவர்கள் ஊற்றும் டெமிபாஸ் (அபேட்) மருந்தை, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவுக்குள் குடிநீர்த் தேக்கங்களிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ளது. தயக்கம் இருந்தால், தொட்டியை நீங்களே காலி செய்து தேய்த்துக் கழுவி மூடிக் காட்டுங்கள்; மருந்தே தேவைப்படாது. கொசு வளர இடம் கொடுக்கக் கூடாது என்பது இங்கே புதிய விதியும் இல்லை. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசுக் கட்டுப்பாட்டுக்குத் தனி அத்தியாயம் உண்டு.

பயன்பாட்டில் இல்லாத கிணற்றில் கம்பூசியா மீன் விடுவது பழைய முறை. இந்தியாவுக்கு அந்த மீன் வந்தது 1928-இல். கிணற்றுக்குச் சரி. ஆர்வத்தில் அதை நந்திவரம் ஏரியிலோ வேறு நீர்நிலையிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வெளிநாட்டு மீன் அது. நம் ஊர்ச் சிறுமீன்களின் குஞ்சுகளையும் தவளை முட்டைகளையும் தின்று தீர்க்கும். ஏரியில் கொசுப்புழுவைத் தின்ன அந்த மீன்களும் தவளைகளும் தட்டான்களும் ஏற்கெனவே இருக்கின்றன, கழிவுநீர் கலக்காமல் இருந்தால்.

யாரிடம் சொல்வது?

இந்தப் பகுதியில் குழப்பம் இங்கேதான். தெருவின் ஒரு பக்கம் நகராட்சி, அடுத்த பக்கம் ஊராட்சியாக இருக்கும். சொத்து வரி ரசீதைப் பாருங்கள். யார் வரி வாங்குகிறார்களோ அவர்களிடம்தான் குடிநீர், குப்பை, கால்வாய், கொசு எல்லாம். நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவு. ஊரப்பாக்கம், வண்டலூர் போன்ற ஊராட்சிகள் என்றால் ஊராட்சிச் செயலர், அவருக்கு மேல் காட்டாங்குளத்தூர் வட்டார வளர்ச்சி அலுவலர். ஏரி, உபரிக் கால்வாய் ஆக்கிரமிப்போ அடைப்போ என்றால், 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகளுக்கு நீர்வளத் துறை. தொழிற்சாலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். எது யாருடையது என்றே தெரியாவிட்டால் 1100-ஐ (முதல்வரின் முகவரி) அழைத்துப் பதிவு செய்யுங்கள், உரிய துறைக்கு அனுப்புவார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு பற்றிய ஆலோசனைக்கு 104.

புகாரில் "தண்ணி சரியில்லை" என்று மட்டும் எழுதினால் வருபவருக்கு எங்கே தோண்டுவது என்று தெரியாது. எந்தத் தேதியிலிருந்து, காலையில் முதல் பத்து நிமிடம் மட்டுமா அல்லது நேரம் முழுவதுமா, வாடையா நிறமா, தெருவில் எத்தனை வீட்டில், யாருக்காவது வயிற்றுப்போக்கு உண்டா என்று எழுதுங்கள். முதல் பத்து நிமிடம் மட்டும் கலங்கல் என்றால் குழாயில் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். நாள் முழுக்க என்றால் மேல்நிலைத் தொட்டியையோ நீராதாரத்தையோ பார்க்க வேண்டியிருக்கும். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு என்றால், சோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டு, தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டுக் குடியுங்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; மறுபடி பேசும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.